ஒரு குக்கீயில் தேயிலைக்கு எவ்வளவு?

கிரீன் டீ சொக்லேட் சிப் குக்கீஸ் வீட்டில் செய்யலாமா என்று கேட்டால் எங்கட பதில்: தாராளமாகச் செய்யுங்கோ. ஆனால் அதுக்காக மட்சாப் பவுடர் தேடி அலையவேண்டாம். இங்க விளைகிற பச்சைத் தேயிலையே போதும். குக்கீ பச்சை நிறத்தில் வராது, பரவாயில்லை. செய்து முடித்தபிறகு, அந்தத் தேயிலைக்காகக் கொடுத்த காசில் கொழுந்து பறித்தவரின் கைக்கு எவ்வளவு போனது என்ற கணக்கையும் ஒருக்கா போட்டுப் பாருங்கோ. நாங்கள் போட்டுப் பார்த்தோம். அந்த எண் இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் வருகிறது. முதலில் குக்கீ.

2020 ஊரடங்குக் காலத்திலிருந்து எங்கட வயதுக்காரர் நிறையப் பேர் பேக்கிங் பக்கம் போயிருக்கிறோம். சிலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கு அதுதான் வருமானம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன், வெள்ளவத்தை என்று எல்லா இடத்திலும் வீட்டிலிருந்தே கேக்கும் பிஸ்கட்டும் செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் விற்கிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022இல் கேஸ் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், பட்டர் விலை ஏறி, அதையெல்லாம் தாண்டித்தான் அந்தத் தொழில் நிற்கிறது. அவர்களிடம் இப்போது அடிக்கடி வாற ஓடர்களில் ஒன்று "மட்சா குக்கீஸ்". வெளிநாட்டு வீடியோக்களில் இரண்டாகப் பிய்க்கும்போது உள்ளே கடும் பச்சையாகத் தெரியும், அந்தக் குக்கீ.

மட்சா கெட்ட சாமான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது மிகப் பெரிய உழைப்பு. அறுவடைக்கு மூன்று வாரம் அளவுக்கு முன்னமே தேயிலைச் செடிகளுக்கு மேலே பந்தல் மாதிரிப் போட்டு வெயிலை மறைப்பார்கள். வெளிச்சம் போதாத செடி இலையில் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். தியனைன் என்ற அமினோ அமிலமும் இலையில் கூடுதலாகத் தங்கும். அந்த நிறமும் அந்த மெல்லிய இனிப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. பறித்த இலையை ஆவியில் காட்டி, சுருட்டாமல் காயவைத்து, காம்பையும் நரம்பையும் எடுத்துவிட்டு, கல் திரிகையில் அரைப்பார்கள். ஒரு திரிகை ஒரு மணித்தியாலம் சுற்றினால் 30, 40 கிராம் தூள்தான் கிடைக்கும். கியோட்டோவுக்குப் பக்கத்து ஊஜி இதற்குப் பெயர்போன இடம். உலகம் முழுக்க மட்சா மோகம் ஏறி, 2024இன் பிற்பகுதியில் ஜப்பானின் பழம்பெரும் தேயிலைக் கடைகள் சில, வாங்குகிறவர்களுக்கு அளவுக் கட்டுப்பாடு போடவேண்டி வந்தது.

தண்ணீரில் கலக்கி மெதுவாகக் குடிப்பதற்காக இவ்வளவு பாடுபட்டு அரைத்த தூளைக் கொண்டுவந்து, பட்டரும் சீனியும் சொக்லேட்டும் போட்டு, 170 பாகையில் வேகவைப்பது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை. சமையலுக்கென்று மலிவான தர மட்சா இருக்கிறதுதான். ஆனால் இங்க கடையில் கிடைக்கிற பக்கெற் எல்லாம் மட்சாவும் இல்லை. நிழலில் வளராத சாதாரணப் பச்சைத் தேயிலையை அரைத்து அந்தப் பெயரை ஒட்டி விற்பதும் நடக்கிறது. அரைத்த கிரீன் டீக்கு இறக்குமதி விலை கொடுப்பதென்றால், அதை வீட்டு மிக்சியிலேயே அரைக்கலாமே.

எங்கட இலை

பிளேன் டீக்கும் கிரீன் டீக்கும் செடி ஒன்றுதான். இலையைப் பறித்தபிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். வாடவிட்டு, நசுக்கி, காற்றுப் பட விட்டால் இலைக்குள் இருக்கிற நொதி வேலை செய்து நிறம் கறுக்கும், சாயம் ஏறும். அதுதான் நாங்கள் காலம்பிற குடிக்கிற தேத்தண்ணி. பறித்த கையோடு ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டினால் அந்த நொதி செத்துவிடும், இலை பச்சையாகவே நிற்கும். ஜப்பானில் பெரும்பாலும் ஆவி, சீனாவில் பெரும்பாலும் சட்டி.

இலங்கை பிளேன் டீ நாடு. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதிலிருந்து அப்படித்தான். இன்றைக்கு வருசத்துக்கு 25 கோடி கிலோவுக்கு மேல் தேயிலை செய்கிறோம். அதில் பச்சைத் தேயிலை மிகச் சின்னப் பங்கு. ஆனால் இருக்கிறது. சுப்பர் மார்க்கெட்டில் சிலோன் கிரீன் டீ என்று பெட்டியிலும் பையிலும் கிடைக்கும். சிலது சின்னச் சின்ன உருண்டையாகச் சுருண்டிருக்கும், சிலது உடைந்த இலையாக இருக்கும். மட்சாவைவிடத் துவர்ப்புக் கூட. அந்தத் துவர்ப்புத்தான் சொக்லேட்டோடு நன்றாகப் பொருந்துகிறது என்பது எங்கட அபிப்பிராயம். மட்சாவின் மென்மை சொக்லேட்டுக்குக் கீழே அமுங்கிப் போகும். எங்கட இலை அமுங்காது. கடித்து, இனிப்பு முடிந்து, சொக்லேட் கரைந்தபிறகு நாக்கின் பின்பக்கத்தில் தேயிலை நிற்கும்.

செய்முறை

24 குக்கீக்கு அளவு இது. கோதுமை மா 180 கிராம், உப்பில்லாத பட்டர் 115 கிராம், வெள்ளைச் சீனி 60 கிராம், சிவப்புச் சீனி 70 கிராம், ஒரு முட்டை, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, சொக்லேட் 120 கிராம், பச்சைத் தேயிலை 10 கிராம். தேயிலைப் பை என்றால் ஐந்தாறு பையை வெட்டிக் கொட்டினால் சரியாக வரும்.

தேயிலையை முதலில் மணந்து பாருங்கோ. வைக்கோல் மணம் வந்தால் அது பழசு, குக்கீயில் போட்டாலும் வைக்கோல்தான். எலுமிச்சை, புதினா, மல்லிகை சேர்த்த பக்கெற்றுகளை இதற்கு எடுக்கவேண்டாம், தேயிலையின் சுவை தெரியாது. மிக்சியின் சின்ன ஜாரில், ஈரமே இல்லாமல், விட்டு விட்டு அரையுங்கோ. தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி மணம் போய்விடும். பிறகு மெல்லிய துணியிலோ மா அரிக்கிற நுண்ணிய அரிதட்டிலோ அரித்து, மேலே நிற்கிற நரம்பைத் திரும்ப அரையுங்கோ. இந்த அரிப்பு வேலையைத் தவிர்க்க முடியாது. அரிக்காவிட்டால் பல்லில் மண் மாதிரி நறுநறுக்கும்.

பட்டரும் இரண்டு சீனியும் வெளிறி வருமட்டும் அடியுங்கோ. கேக்குக்கு அடிக்கிற அளவு தேவையில்லை, இரண்டு மூன்று நிமிடம் காணும். முட்டையைச் சேர்த்து ஒருக்கா அடித்துவிட்டு, மா, தேயிலைத் தூள், அப்பச்சோடா, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாக அரித்துப் போட்டு, மரக்கரண்டியால் பிரட்டுங்கோ. மா மறைந்ததும் நிறுத்தவேண்டும். கடைசியாகச் சொக்லேட். பிறகு அரை மணித்தியாலம் ஃபிரிஜ்ஜில் வையுங்கோ. எங்கட வெக்கைக்கு இது கட்டாயம், இல்லாட்டில் தட்டில் வைத்த உடனேயே பரவிப்போகும்.

தேசிக்காய் அளவுக்குச் சற்றுச் சிறிய உருண்டையாக உருட்டி, இடைவெளி விட்டு அடுக்கி, 170 பாகையில் 10 முதல் 12 நிமிடம். ஓரம் இறுகி நடு மெத்தென்று இருக்கும்போதே எடுக்கவேண்டும். ஆறும்போது மிச்சமும் இறுகும்.

அவன் இல்லாத வீடுதான் அதிகம். அடி கனத்த சட்டியில் உப்போ மணலோ ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பி, மூடி, கால் மணித்தியாலம் சூடாக்கி, உள்ளே ஒரு தாங்கி வைத்து, அதுக்கு மேலே தட்டு. மெல்லிய நெருப்பில் 15 முதல் 20 நிமிடம். ஒரு தடவைக்கு நாலைந்துதான் வேகும். பொறுமை வேண்டும். ருசியில் குறை வராது.

தூளின் கசப்புப் பிடிக்காதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பட்டரை 20 கிராம் கூடுதலாக எடுத்து, மெல்லிய சூட்டில் உருக்கி, அரைக்காத இலையை அதில் போட்டு, மூடி, கால் மணித்தியாலம் விட்டு வடித்தெடுங்கோ. மணம் கொழுப்பில் இறங்கிவிடும், துவர்ப்பின் பெரும்பகுதி இலையோடு போய்விடும். அந்தப் பட்டரைத் திரும்ப இறுகவைத்து அடித்தால் சரி. கூடுதல் பட்டர் ஏன் என்றால், இலை கொஞ்சத்தைக் குடித்துவிடும்.

சொக்லேட்டில் ஒரு விசயம். பக்கெற்றின் பின்பக்கத்தை வாசியுங்கோ. கொக்கோ பட்டருக்குப் பதிலாக மரக்கறி எண்ணெய்க் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது கொம்பவுண்ட் சொக்லேட். மலிவு, உருகாமல் வடிவாக நிற்கும், ஆனால் வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். 2024இல் உலகச் சந்தையில் கொக்கோ ஒரு தொன் 10,000 டொலரைத் தாண்டியபிறகு இந்தக் கலப்பு இன்னும் கூடியிருக்கிறது. கட்டிச் சொக்லேட் வாங்கிக் கத்தியால் வெட்டிப் போடுவது நல்லது. அதிகம் கறுத்த சொக்லேட் தேயிலையோடு சேர்ந்து இரட்டைக் கசப்பாகும். 50 வீதம் அளவு கொக்கோ உள்ளது சரியாக இருக்கும்.

பச்சை ஏன் போகிறது

வேகவைத்து எடுக்கும்போது குக்கீ காக்கிக்கும் பாசிக்கும் இடையிலான ஒரு நிறத்தில் இருக்கும். காரணம் எளிது. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. சூடு பட்டால், கொஞ்சம் அமிலமும் சேர்ந்தால், அது கழன்றுவிடும். பச்சை மங்கிப் பழுப்பாகும். கீரையை மூடி வைத்து அவித்தால் நடக்கிறதும் இதுதான். மட்சாவில் பச்சையம் கூட இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் வீடியோவில் மினுங்குகிற அந்தப் பச்சை நிறையத் தரம் கலரிங்தான்.

கலரிங் போடவேண்டாம் என்பது எங்கட நிலைப்பாடு. தேயிலை வெந்தால் காக்கியாகும். நாங்கள் அதைக் காக்கியாகவே விற்கலாம், காக்கியாகவே படம் போடலாம். வாங்குகிறவர் "ஏன் பச்சையா இல்ல?" என்று கேட்டால், கலரிங் போடல்ல என்று பதில் சொல்லலாம். அதைவிட நல்ல விளம்பரம் என்ன இருக்கு?

அதேபோல "ஹெல்தி குக்கீஸ்" என்றும் போடவேண்டாம். கிரீன் டீயில் கட்டெச்சின்கள் இருக்கிறது உண்மை. ஆனால் அதில் ஒரு பகுதி சூட்டில் போகும், அப்பச்சோடாவின் காரத்தில் இன்னும் கொஞ்சம் போகும். மிஞ்சுகிறதைச் சுற்றி 115 கிராம் பட்டரும் 130 கிராம் சீனியும் நிற்கின்றன. எங்கட வீடுகளில் சலரோகம் இல்லாத வீடு குறைவு. அம்மப்பாவுக்கு "இது கிரீன் டீ, ஒண்டும் செய்யாது" என்று சொல்லி நாலு குக்கீ கொடுப்பது சரியில்லை. இது ருசிக்காகச் சாப்பிடுகிற ஒரு இனிப்பு. கஃபீனும் கொஞ்சம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு இரவில் கொடுக்காமல் விடலாம்.

இனிக் கணக்கு

வீட்டில் பேக்கிங் செய்து விற்கிறவர்கள் எல்லாரிடமும் ஒரு செலவுக் கொப்பி இருக்கும். பட்டர், மா, முட்டை, சொக்லேட், கேஸ், பெட்டி, ரிபன், டெலிவரி. தேயிலை பெரும்பாலும் "வேறு" என்ற கடைசி வரிக்குள் போய்விடும், வனிலாவோடும் உப்போடும். பெயரே கிரீன் டீ குக்கீ. ஆனால் செலவில் கிரீன் டீக்கு ஒரு வரி இல்லை, ஏனென்றால் அது அவ்வளவு மலிவு.

ஏன் அவ்வளவு மலிவு?

10 கிராம் தேயிலை செய்ய 45 கிராம் அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்பது தொழிற்சாலைக் கணக்கு. பெருந்தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால்தான் பல இடங்களில் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். தோட்டத்துக்குத் தோட்டம் இந்த எண் மாறும், 20 கேட்கிற இடமும் இருக்கிறது. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் அடிப்படை நாட்கூலி 1350 ரூபா. இந்தக் கணக்குக்கு அதையே எடுப்போம்.

1350ஐ 18ஆல் பிரித்தால் ஒரு கிலோ கொழுந்துக்கு 75 ரூபா. 45 கிராமுக்கு 3 ரூபா 40 சதம் அளவில் வரும். சேமலாப நிதி, நம்பிக்கை நிதிக்கான தொழில் தருநரின் பங்கைச் சேர்த்தாலும் 4 ரூபாவைத் தாண்டாது. அதை 24 குக்கீக்குப் பிரியுங்கோ. ஒரு குக்கீக்கு 14 சதம்.

அதுதான் எண். பதினாலு சதம். அந்தக் காசுக்கு இப்போது நாணயமே கையில் புழங்குவதில்லை.

இது கொழுந்து பறிக்கிற கூலி மட்டும். கவ்வாத்து வெட்டுகிறவர், புல்லு வெட்டுகிறவர், மருந்தடிக்கிறவர், ஃபெக்டரியில் நிற்கிறவர் என்று இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் சேர்த்தாலும், நாங்கள் குக்கீயைச் சுற்றுகிற பட்டர் கடதாசியின் விலைக்குக் கிட்ட வருமா என்று உங்கட கொப்பியை எடுத்துப் பாருங்கோ.

கம்பெனிகள் சொல்கிற பதிலும் எங்களுக்குத் தெரியும். தேயிலை உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலிதான், கொழும்பு ஏலத்தில் கிடைக்கிற விலையில் இதைவிடக் கொடுக்க முடியாது என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. 2024இல் ஏலச் சராசரி கிலோவுக்கு 1200 ரூபா அளவில்தான் இருந்தது. அந்த விலைக்கு 10 கிராம் என்றால் 12 ரூபா. அதில் 4 ரூபா பறிக்கிற கூலிக்கே போனால் மிச்சத்தில்தான் மற்ற எல்லாம். ஆனால் அதே 10 கிராம் பெட்டிக்குள் போய், வெளிநாட்டு அலுமாரியில் ஏறி, கஃபேயில் ஒரு கோப்பையாகவோ குக்கீயாகவோ வரும்போது விலை எத்தனை மடங்கு? ஏலத்துக்குப் பிறகு ஏறுகிற அந்த மடங்குகளில் ஒன்றுகூட மலை ஏறித் திரும்பிப் போவதில்லை. எங்கட கேள்வி அங்கதான் இருக்கிறது. பறிக்கிற கூலி இரட்டிப்பானாலும் இந்தக் குக்கீயின் விலை கூடுவது 14 சதம்தான். அதைக் கொடுக்கமுடியாத ஆள் குக்கீ வாங்குகிற ஆட்களில் யாருமில்லை.

ஆயிரம் ரூபா என்ற கோரிக்கைக்காக மலையகம் எத்தனை வருசம் வீதியில் நின்றது என்பதை எங்கட வயதுக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறோம். அது சம்பளச் சபை ஊடாகக் கிடைத்தது 2021இல். அடுத்த வருசமே பொருளாதாரம் விழுந்து, ஆயிரத்தின் பெறுமதி பாதியாகிப் போனது. 2021இன் உரத் தடையும் சேர்ந்துகொண்டது. 2022இல் விளைச்சல் பெருமளவு விழுந்தது. கொழுந்து குறைந்தால் 18 கிலோ சேராது. 18 சேராட்டில் பேர் இல்லை. கொழும்பில் எடுக்கிற ஒரு முடிவு இப்படித்தான் ஒரு பெண்ணின் கூடையில் போய் நிற்கும்.

எல்லாத் தேயிலையும் தோட்டத்திலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். இன்றைக்கு நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி சிறு காணிக்காரரின் கொழுந்து. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம். அவர்களுக்குக் கூலிப் பிரச்சினைக்குப் பதிலாகக் கொழுந்து விலைப் பிரச்சினை. பெட்டியில் "சிலோன் டீ" என்று மட்டும் இருந்தால் இது யாருடைய இலை என்று எங்களுக்குத் தெரியவே வராது.

"பிஸ்கட்டுக்குள்ளயும் அரசியலா?"

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். எங்கட குழுவுக்குள்ளேயே கேட்டார்கள். ஒரு பொழுதுபோக்கைக் குற்றவுணர்ச்சி ஆக்கக்கூடாது என்றார்கள். அது நியாயமான வாதம். குற்றவுணர்ச்சியால் ஒருவருக்கும் கூலி கூடாது.

ஆனால் சொக்லேட் பற்றி நாங்கள் ஏற்கனவே இப்படித்தான் பேசுகிறோம். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது, அங்க பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், ஆகவே எந்தச் சொக்லேட் என்று பார்த்து வாங்கு என்று எங்கட ஆட்களே பதிவு போடுகிறார்கள். நல்லது, போடவேண்டும். அதே குக்கீயின் மற்றப் பாதி, பஸ்ஸில் ஏறினால் அரை நாளில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் விளைகிறது. எங்களில் சிலரின் அம்மா, பெரியம்மா பறித்ததாகவே இருக்கலாம். அதைப்பற்றி மட்டும் கேட்பது ஏன் பிஸ்கட்டைக் கெடுப்பதாகத் தோன்றுகிறது? ஆப்பிரிக்கா தூரத்தில் இருப்பதாலா, லயம் கிட்ட இருப்பதாலா?

இன்னொன்றையும் பாருங்கோ. சொக்லேட் சிப் குக்கீக்கு ஒரு பெயர் இருக்கிறது. 1930களில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் டோல் ஹவுஸ் என்ற விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் என்ற பெண் அதைச் செய்தார். இன்றைக்கும் அந்த விடுதியின் பெயரில் சொக்லேட் துண்டு விற்கிறார்கள். பிஸ்கட்டுக்குள் சொக்லேட் போட்டவரை 90 வருசமாக உலகம் மறக்கவில்லை. தேயிலைக்கும் டெய்லரின் பெயர் இருக்கிறது, சிலை இருக்கிறது, நூதனசாலை இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் மண் வெட்டினவர்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. 2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தது இதைச் சொல்லத்தான். நாங்களும் இங்க இருக்கிறோம், இந்த நாட்டைக் கட்டினதில் எங்களுக்கும் பங்கு இருக்கு என்று.

வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த எங்களுக்கு மலையகம் நிறையத் தரம் ஒரு சுற்றுலாப் படமாகத்தான் தெரிந்திருக்கிறது. ரயில், பனி, பச்சைச் சரிவு, எல்ல. தேயிலைப் பெட்டியிலும் அதே படம். கூடையோடு சிரிக்கிற ஒரு பெண். அந்தச் சிரிப்புக்கு அவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெட்டி சொல்லாது. இப்போது வீட்டு பேக்கர்களின் ஸ்டிக்கரிலும் அந்தப் படம் வரத் தொடங்கியிருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கோ. கூலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கூடையை மட்டும் அலங்காரமாக ஒட்டுவது நாங்கள் செய்யக்கூடாத வேலை.

அப்ப என்ன செய்யலாம்

பெரிய பட்டியல் எங்களிடம் இல்லை. ஒரு குக்கீ செய்கிறவர் செய்யக்கூடிய அளவு விசயங்கள்தான்.

இங்கத்தைப் பச்சைத் தேயிலையை வாங்குங்கோ. முடிந்தால் தோட்டத்தின் பெயரோ பிரதேசத்தின் பெயரோ போட்டதை வாங்குங்கோ. பெயர் தெரிந்தால்தான் கேள்வி கேட்கலாம். மலையகப் பக்கம் நண்பர்கள் இருந்தால், அங்க எத்தனை கிலோவுக்குப் பேர் போடுகிறார்கள், கைக்காசு எவ்வளவு என்று கேளுங்கோ. நாங்கள் கேட்டபோது ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒவ்வொரு பதில் வந்தது. அந்த வித்தியாசமே ஒரு செய்தி.

விற்கிறவர்கள் செலவுக் கொப்பியில் தேயிலைக்குத் தனி வரி போடுங்கோ. அதை "வேறு"க்குள் தள்ளவேண்டாம். உங்கட உழைப்புக்கும் அதே கொப்பியில் ஒரு வரி போடுங்கோ. வீட்டிலிருந்து பேக் பண்ணுகிற நிறையப் பெண்பிள்ளைகள் தங்கட நேரத்துக்கு விலை போடுவதே இல்லை. அடித்தது, உருட்டினது, இரவு பன்னிரண்டு மணிக்குப் பெட்டி மடித்தது எல்லாம் சும்மா போகிறது. "வீட்டில சும்மா இருந்து செய்யிறதுதானே" என்று வாங்குகிறவர் பேரம் பேசுகிறார். தோட்டத்தில் கொழுந்து மலிவாக இருக்கிறதற்கும் இதற்கும் அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றுதான்: பெண்ணின் கைவேலைக்குக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்பது. தன் நேரத்துக்கு விலை போடப் பழகின ஒருவர், மற்றவரின் கூலியைப் பற்றிய பேச்சு வரும்போது வேறு மாதிரிப் பேசுவார் என்று நாங்கள் நம்புகிறோம்.

ஸ்டிக்கரில் படத்துக்குப் பதிலாக ஒரு வரி எழுதலாம். எந்தத் தேயிலை, எங்க விளைந்தது, கலரிங் இல்லை. அவ்வளவும் காணும். அடுத்த தரம் கூலிக் கோரிக்கையோ காணி வீட்டுக் கோரிக்கையோ வரும்போது, உங்கட பக்கத்தில் குக்கீ படம் போட்ட அதே இடத்தில் அதையும் பகிருங்கோ. உங்களிடம் வாங்குகிற ஐந்நூறு, ஆயிரம் பேர் அரசியல் கட்டுரை வாசிக்கிறவர்களாக இருக்கமாட்டார்கள். குக்கீ வழியாகத்தான் அவர்களிடம் போகமுடியும்.

இப்போதைக்கு எங்கட கொப்பியில் இரண்டு வரி இப்படி இருக்கிறது: "பச்சைத் தேயிலை 10 கிராம். பறித்த கூலி 3 ரூபா 40 சதம்." முதல் வரியைக் கடையில் வாங்கும்போது நிரப்பிவிடலாம். இரண்டாவது வரியை மாற்றுவது எங்களால் தனியே முடிகிற காரியமில்லை. ஆனால் எழுதிவைத்தால், விலை கேட்டு வாறவர் ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டலாம்.